26 அறை லாட்ஜ், விடியற்காலைக் குளியல்: கீசர்களை எடுத்துவிட்டுப் பொது வெந்நீர் லைன் போடலாமா?

மலையடிவாரம்:

எல்லோருக்கும் வணக்கம். பழனி அடிவாரத்தில் எங்களுக்கு ஒரு லாட்ஜ் இருக்கிறது. தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும், மொத்தம் 26 அறை. மாமனார் கட்டியது. அவருக்கு உடம்புக்கு முடியாமல் போன பிறகு கணக்கு, ஆட்கள், தண்ணீர் எல்லாம் என் பொறுப்பில் வந்துவிட்டது.

ஒவ்வொரு பாத்ரூமிலும் 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் இருக்கிறது. சாதாரண நாளில் பாதி அறைதான் நிரம்பும், ஒரு பிரச்சினையும் இல்லை. கிருத்திகை, தைப்பூசம், பங்குனி உத்திரம், அப்புறம் ஐயப்ப சீசனில் கேரளாவிலிருந்து வேனில் வரும் கூட்டம். இந்த நாட்களில்தான் மானம் போகிறது. அறைக்கு நாலு பேர் வரை. எல்லோரும் மூன்றரையிலிருந்து ஆறு மணிக்குள் குளித்துவிட்டு மலை ஏற வேண்டும். நாலரைக்கு எல்லா கீசரும் ஒன்றாக ஓடும், மெயின் ட்ரிப் ஆகிவிடும். ஈபியில் எங்கள் லோடு 30 கிலோவாட். பின்கட்டில் பழைய விறகு பாய்லர் ஒன்று இருக்கிறது. பையன்கள் அதிலிருந்து வாளியில் பிடித்து மாடிக்குத் தூக்குவார்கள்.

தண்ணீர் போர்வெல். உப்புத் தண்ணீர். கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 1,400 காட்டுகிறது. கீசர் எலிமென்ட் மாற்றியே பாதி லாபம் போகிறது.

மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். ஒருவர் சோலார் 2,500 லிட்டர் என்கிறார். ஒருவர் ஹீட் பம்ப், 1,000 லிட்டர் டேங்க் போதும் என்கிறார். மூன்றாமவர் கேஸ் ஹீட்டர். மூன்று பேருமே அறை எண்ணிக்கையைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. எதை நம்புவது? டைல்ஸை உடைக்காமல் செய்ய வழி உண்டா? கார்த்திகைக்கு முன்னால் முடிக்க வேண்டும், லாட்ஜை மூடவும் முடியாது.

சுருளி:

எதற்கு இவ்வளவு யோசனை அக்கா. ஒவ்வொரு பாத்ரூமிலும் சின்ன கேஸ் கீசர் மாட்டிவிடுங்கள். விலையும் குறைவு, கரண்டும் வேண்டாம். ஜன்னல் திறந்திருந்தால் போதும். எங்கள் பக்கத்தில் நிறைய மேன்ஷனில் அப்படித்தான் ஓடுகிறது.

குழாய் கோவிந்து:

முதலில் தம்பி சுருளி சொன்னதற்குப் பதில். அது மட்டும் வேண்டவே வேண்டாம். கேஸ் கீசர் பாத்ரூமுக்குள் எரிந்தால் அந்த அறையில் உள்ள ஆக்சிஜனைத்தான் தின்னும். காற்று குறையும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளிக்கிறவருக்குத் தலை கிறுகிறுக்கும், கதவைத் திறக்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் விழுந்துவிடுவார். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்கிறீர்கள். மார்கழி விடியலில் எந்த யாத்ரீகர் பாத்ரூம் ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிக்கிறார்? சொந்த வீட்டிலேயே கூடாது, நாலு பேர் காசு கொடுத்துத் தங்கும் இடத்தில் கேட்கவே வேண்டாம். கேஸில் சுட வைப்பதென்றால் கட்டடத்துக்கு வெளியே, திறந்த இடத்தில் ஒரே பெரிய ஹீட்டர். அது வேறு விஷயம்.

இனி அம்மணிக்கு. நான் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு ஓட்டல், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல் வெந்நீர் லைன் வேலை செய்கிறவன். பழனியிலும் வேலை பார்த்திருக்கிறேன். மூன்று பேரும் அறை எண்ணிக்கையை மட்டும் கேட்டார்கள் என்று எழுதினீர்கள் பாருங்கள், அங்கேதான் விஷயமே இருக்கிறது. பழனி லாட்ஜுக்குக் கணக்கு அறையை வைத்து அல்ல, மூன்றரையிலிருந்து ஆறு வரை உள்ள அந்த இரண்டரை மணி நேரத்தை வைத்துத்தான். மீதி நேரம் முழுக்க உங்கள் ஹீட்டர் மெதுவாகச் சுட வைத்துக்கொண்டிருந்தால் போதும். அதனால் ஹீட்டர் சின்னதாக இருக்கலாம், டேங்க் பெரிதாக இருக்க வேண்டும். விற்கிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள்.

கணக்குப் போடுவோம். திருவிழா நாளில் 100 பேர். ஆளுக்கு 40 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், அதாவது இரண்டு வாளி, 40 டிகிரியில். மேல்தொட்டித் தண்ணீர் 25 டிகிரி என்று வைத்துக்கொள்கிறேன். டேங்கில் 60 டிகிரி இருந்தால் அந்த 40 லிட்டரில் 17 லிட்டர்தான் சுடுதண்ணீர், மீதி பச்சைத் தண்ணீர். 100 பேருக்கு 1,700 லிட்டர். டேங்கில் உள்ள எல்லாமே சூடாகக் கிடைக்காது. கீழே பச்சைத் தண்ணீர் ஏற ஏறக் கடைசிப் பகுதி ஆறிப்போகும். ஆகையால் 2,000 லிட்டர் வேண்டும். 1,000 லிட்டர் போதும் என்றவர் உங்கள் சாதாரண நாளைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். சாதாரண நாளில் முப்பது சொச்சம் பேர், 550 லிட்டரில் முடிந்துவிடும்.

அதனால் 2,000-ஐ ஒரே டேங்காக வாங்காதீர்கள். 1,000, 1,000 என்று இரண்டாக வாங்குங்கள். புரட்டாசி மாதிரி கூட்டம் இல்லாத நாட்களில் ஒன்றை வால்வு போட்டு நிறுத்திவிடலாம். நிறுத்தினால் தண்ணீரை வடித்துவிட வேண்டும். வெதுவெதுப்பில் தேங்கிய தண்ணீரில், 20-லிருந்து 45 டிகிரிக்குள், லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். ஷவர் சாரலோடு மூச்சில் போனால் நுரையீரலைப் பிடிக்கும். வயதானவர்களுக்கு ஆபத்து. கரண்ட் மிச்சம் பிடிக்கிறேன் என்று டேங்கை 45-ல் வைக்கச் சொல்லும் ஆட்களும் உண்டு, கேட்காதீர்கள். டேங்க் 60-ல்தான் இருக்க வேண்டும்.

60 என்றால் அடுத்த ஆபத்து உண்டு. 60 டிகிரித் தண்ணீர் உடம்பில் ஐந்து விநாடி பட்டாலே தோல் வெந்துவிடும். உங்கள் ஊரில் இன்னொன்றும் சேர்கிறது: மொட்டை. இப்போதுதான் கத்தி பட்ட தலை, அங்கங்கே சின்னக் கீறல், பாதிப் பேர் குழந்தைகள். அந்தத் தலையில் நேராக ஷவரைத் திறந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். டேங்கிலிருந்து லைன் கிளம்பும் இடத்தில் தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸிங் வால்வு (சுடுதண்ணீரில் பச்சைத் தண்ணீரைத் தானாகக் கலந்து சூட்டைக் குறைப்பது) ஒன்று போட்டு, லைனில் 50-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொட்டேஷன் மூன்றிலும் இது இருக்கிறதா என்று பாருங்கள், இருக்காது என்று நினைக்கிறேன்.

இப்போது எதில் சுட வைப்பது. 2,000 லிட்டரை 25-லிருந்து 60-க்கு ஏற்ற 81 யூனிட் வெப்பம் வேண்டும். இது மாறாது, எந்தக் கம்பெனி ஹீட்டராக இருந்தாலும் இதுதான். கீசர் மாதிரி எலிமென்ட் வைத்துச் சுட வைத்தால் 81 யூனிட் கரண்ட். யூனிட் பத்து ரூபாய் என்று வையுங்கள், 810 ரூபாய். ஹீட் பம்ப் வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிறது, ஒரு யூனிட் கரண்டுக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம். அப்போது 27 யூனிட், 270 ரூபாய். கேஸ் என்றால் ஏழரைக் கிலோ. 19 கிலோ நீலச் சிலிண்டர் விலை மாதாமாதம் மாறும், நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். வீட்டு சிலிண்டரை லாட்ஜில் போடக் கூடாது, அது தனி வழக்காகிவிடும்.

பழனி வெயிலுக்கும் காற்றுக்கும் ஹீட் பம்ப் நன்றாக ஓடும். 10 கிலோவாட் வெப்பம் தருவது போதும். அது இழுக்கும் கரண்ட் மூன்று, மூன்றரைக் கிலோவாட்தான். இரவு ஏழு மணிக்கு ஆரம்பித்தால் விடியற்காலை மூன்றரைக்குள் 2,000 லிட்டரும் தயார். ஆட்கள் குளித்துக்கொண்டிருக்கும்போதே மணிக்கு 250 லிட்டர் வரை புதிதாகச் சுட வைத்துக்கொண்டும் இருக்கும். உங்கள் 26 கீசரும் சேர்ந்து 52 கிலோவாட், ஈபி கொடுத்தது 30. இனி அந்தச் சண்டையே கிடையாது. லோடு ஏற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தால் நிறுத்தி வையுங்கள். டேங்கில் ஒன்றுக்கு ஒரு 6 கிலோவாட் எலிமென்ட் மட்டும் மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள், ஹீட் பம்ப் மக்கர் பண்ணும் நாளுக்கு.

சோலார் கெட்டதல்ல. ஆனால் 100 லிட்டருக்கு இரண்டு சதுர மீட்டர் தகடு என்பது பழைய கணக்கு. 2,000 லிட்டருக்கு 40 சதுர மீட்டர், நடுவே ஆள் நடக்க இடம் தனி. உங்களுக்குக் கூட்டம் வரும் கார்த்திகை, மார்கழியில்தான் மேகமும் இருக்கும். மொட்டைமாடியில் போர்வை, பெட்ஷீட் எங்கே காய வைப்பீர்கள்? பின்னால் காசு சேர்ந்ததும் 500 லிட்டர் சோலாரை முன்னால் சேர்த்து, அதில் பாதி சூடான தண்ணீரை ஹீட் பம்ப்புக்குக் கொடுக்கலாம். அதற்குப் பைப்பில் ஒரு T வடிவ இணைப்பும் வால்வும் இப்போதே விட்டு வைக்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் விட முக்கியம் தண்ணீர். டிடிஎஸ் 1,400 என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதில் சமையல் உப்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று மீட்டருக்குத் தெரியாது. எலிமென்ட்டைத் தின்பது சுண்ணாம்பு. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டி, கடினத்தன்மை மட்டும் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். ஒரு பேச்சுக்கு 600 என்று வையுங்கள், அதாவது லிட்டருக்கு 600 மில்லிகிராம். மிக்ஸிங் வால்வில் கலக்கும் தண்ணீரையும் சேர்த்தால் திருவிழா நாளில் 2,400 லிட்டர். ஒரே நாளில் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ சுண்ணாம்பு அந்த வழியாகப் போகிறது. அவ்வளவும் படியாது, ஆனால் சூடு ஏற ஏற அதிகம் படியும். பழைய கீசர் ஒன்றைக் கழற்றி எலிமென்ட்டை வெளியே இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் கட்டைவிரல் தடிமனுக்கு வெள்ளையாக ஒட்டியிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் ஓடு ஓடாகப் பெயரும், உள்ளே எலிமென்ட் கறுத்து வெடித்திருக்கும். ஹீட் பம்ப்பில் இதே சுண்ணாம்பு, தண்ணீருக்கு வெப்பம் மாறும் இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் பிரஷர் ஏறி மெஷின் தானாக நின்றுவிடும். அதுவும் தைப்பூசத்தன்றுதான் நிற்கும்.

ஆகவே சாஃப்ட்னர், அதாவது தண்ணீரிலுள்ள சுண்ணாம்பை எடுக்கும் கருவி, இல்லாமல் ஹீட் பம்ப் வாங்காதீர்கள். கட்டடம் முழுவதற்கும் வேண்டாம், வெந்நீர் டேங்குக்குப் போகும் தண்ணீருக்கும் மிக்ஸிங் வால்வின் குளிர் பக்கத்துக்கும் மட்டும் போதும். அதற்குள் இருக்கும் ரெசின் மணிகள்தான் சுண்ணாம்பைப் பிடிப்பவை. ஒரு லிட்டர் ரெசின் 50 கிராம் சுண்ணாம்பு வரை பிடிக்கும், அப்புறம் உப்புப் போட்டுக் கழுவ வேண்டும். 40 லிட்டர் ரெசின் என்றால் திருவிழா நாளில் தினம் ஒரு கழுவல், சாதாரண நாளில் நாலு நாளுக்கு ஒன்று. ஒரு கழுவலுக்கு நாலைந்து கிலோ உப்பு. கழுவின தண்ணீரைச் செடிக்கு விடாதீர்கள், கருகிவிடும். இப்படிச் சுண்ணாம்பு எடுத்த தண்ணீரில் சோப்பு போகவே மாட்டேன் என்கிறது, வழுக்குகிறது என்று ரிசப்ஷனில் வந்து சொல்வார்கள். அது குறை இல்லை, அப்படித்தான் இருக்கும்.

டைல்ஸ் உடைப்பது பற்றி நாளை எழுதுகிறேன், கை வலிக்கிறது.

நீலகிரி மேனேஜர்:

கோவிந்து அண்ணன் சொன்னதில் ஒரு சின்ன எதிர்க்கருத்து. ஹீட் பம்ப்பைப் பற்றி அவர் சொல்வது பழனிக்குச் சரி. இதைப் படித்துவிட்டு ஊட்டி, கொடைக்கானல் ஆட்கள் அப்படியே வாங்கிவிடக் கூடாது. நான் ஊட்டியில் ஒரு ஓட்டலில் இருக்கிறேன். ஜனவரியில் எங்கள் தொட்டித் தண்ணீர் 12 டிகிரி. 60-க்கு ஏற்ற 48 டிகிரி, உங்களுக்கு 35 தான். தண்ணீர் அதே அளவு, வெப்பம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். விடியலில் காற்று அவ்வளவு குளிர்ந்திருக்கும்போது ஹீட் பம்ப்பின் பலனும் குறைகிறது, சுருளில் உறைபனி பிடித்து அதை உருக்கவே அது கொஞ்ச நேரம் ஓடுகிறது. நாங்கள் கேஸ் ஹீட்டரும் டேங்கும்தான் வைத்திருக்கிறோம். ஹீட் பம்ப்பை வெயில் மாதங்களில் மட்டும் ஓட்டுகிறோம்.

கேஸ் போகிறவர்களுக்கு ஒன்று. 100 கிலோவுக்கு மேல் சிலிண்டர் சேர்த்து வைத்தால் உரிமம் வேண்டும், ஆகவே 19 கிலோ சிலிண்டர் ஐந்தோடு நிற்பதுதான் எளிது. சிலிண்டர் அறைக்குத் தரை மட்டத்தில் காற்றுத் துவாரம் வேண்டும். இந்த கேஸ் காற்றை விடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும். மேலே மட்டும் ஜன்னல் வைத்துப் பயனில்லை.

மலையடிவாரம்:

கோவிந்து அண்ணா, ரொம்ப நன்றி. 100 பேர் கணக்கை வீட்டுக்காரரிடம் காட்டினேன், அவருக்கும் இப்போதுதான் புரிந்தது. சில சந்தேகம்.

டேங்க் இரண்டையும் மொட்டைமாடியில், மேல்தொட்டிக்குப் பக்கத்தில் காலி இடத்தில் வைக்கலாம் என்று கொத்தனார் சொல்கிறார். தளம் உறுதியாக இருக்கிறதாம். மேல்தொட்டியின் அடி, மொட்டைமாடியிலிருந்து ஆளுயரம்கூட இல்லை. இரண்டாம் மாடியில் ஷவர் இப்போதே சொட்டுகிறது.

எங்கள் மூலை அறைகள் டேங்க் வரும் இடத்திலிருந்து ரொம்பத் தூரம். அங்கே வெந்நீர் வர நேரமாகுமா? பாதித் தண்ணீரைக் கீழே விட்டுவிடுவார்களே, போர் தண்ணீரும் வற்றுகிற ஊர்.

அப்புறம் அந்த டைல்ஸ்.

குழாய் கோவிந்து:

அம்மணி, கொத்தனார் சொன்னதை மட்டும் வைத்து டேங்கை ஏற்றாதீர்கள். 1,000 லிட்டர் டேங்க் நிரம்பினால் இரும்போடு சேர்த்து ஒரு டன்னுக்கு மேல். அது நிற்பது ஒரு சதுர மீட்டர் இடத்தில். ஆள் நடக்கும் மொட்டைமாடித் தளத்தைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமைக்குத்தான் கணக்கிடுவார்கள். தளத்தின் நடுவில் இரண்டு டன்னை வைத்துவிட்டு உறுதியாக இருக்கிறது என்றால் எப்படி? பில்லர் எங்கே ஏறி வருகிறதோ அங்கே, பில்லருக்குப் பில்லர் இரும்பு பீம் போட்டு அதன்மேல் வைக்க வேண்டும். கட்டடம் கட்டும்போது போட்ட வரைபடம் மாமனாரிடம் இருக்கும், அதை ஒரு இன்ஜினியரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். அந்தச் செலவில் சிக்கனம் வேண்டாம்.

பிரஷர். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார். உங்கள் தொட்டிக்கும் மேல்மாடி ஷவருக்கும் இரண்டு மீட்டர்கூட இருக்காது, 0.2 பார்தான் கிடைக்கும். சொட்டத்தான் செய்யும். பம்ப் வைக்கலாம். ஆனால் பம்ப் வைத்தால் பச்சைத் தண்ணீருக்கும் வெந்நீருக்கும் இரண்டுக்கும் வைக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் வைத்து நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். எங்கோ ஒரு அறையில் வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலக்கும் மிக்ஸர் குழாயைத் திறந்தபடி கை ஷவரை மட்டும் அடைத்து வைத்திருப்பார்கள். பம்ப் உள்ள பக்கத்துத் தண்ணீர் அந்த மிக்ஸர் வழியாக மற்ற லைனுக்குள் ஏறிவிடும். பத்து அறைக்கு வெந்நீர் வரவில்லை என்று டேங்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். பம்ப் வேண்டாம் என்றால் மேல்மாடி ஷவரை விட்டுவிட்டு வாளிக் குழாயை மட்டும் நம்புங்கள். உங்கள் ஊர் ஆட்கள் வாளியில்தான் குளிக்கிறார்கள்.

பம்ப் இல்லாமல் மேல்தொட்டியிலிருந்து நேராக விடுவதானால் வெந்நீர் டேங்கிலிருந்து ஒரு வென்ட் பைப், மேல்தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஏறி, வாய் திறந்தபடி இருக்க வேண்டும். 1,000 லிட்டர் 25-லிருந்து 60-க்குப் போகும்போது 14 லிட்டர் பெருகும். அதற்குப் போக வழி இல்லை என்றால் டேங்கைத்தான் நெளிக்கும். பம்ப் வைத்த லைன் என்றால் வென்ட் உதவாது, பெருகும் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் எக்ஸ்பான்ஷன் டேங்கும், பிரஷர் மிஞ்சினால் வெளியே விடும் ரிலீஃப் வால்வும் வேண்டும். ரிலீஃப் வால்வு ஒழுகுகிறது என்று வாயில் பிளக் போட்டு அடைக்கும் ஆட்கள் உண்டு. உங்கள் பையன்களிடம் சொல்லி வையுங்கள், அதைத் தொடக் கூடாது.

மூலை அறைக்கு வருவோம். ஒரு இன்ச் பைப்பில் மீட்டருக்கு 400 மில்லி நிற்கும். 30 மீட்டர் என்றால் 12 லிட்டர். அவ்வளவும் ஆறின தண்ணீர், வெந்நீர் வரும் வரை அது கீழேதான் போகும். இதற்குத்தான் ரிட்டர்ன் லைன். கடைசி அறையிலிருந்து அரை இன்ச் பைப் ஒன்று திரும்பவும் டேங்குக்கு வரும், ஒரு சின்ன சுழற்சிப் பம்ப் தண்ணீரை ஓட வைத்துக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க ஓட வேண்டாம். டைமர் போட்டு விடியற்காலை மூன்றிலிருந்து எட்டு, மாலை ஆறிலிருந்து ஒன்பது. மிக்ஸிங் வால்வு இருப்பதால் இந்த ரிட்டர்னை டேங்குக்கு மட்டும் கொடுக்காமல் வால்வின் குளிர் பக்கத்துக்கும் ஒரு கிளை கொடுக்க வேண்டும். இதைக் கேட்டவுடன் உங்கள் கொட்டேஷன்காரர் தலையாட்டினால் அவருக்கு வேலை தெரியும். ‘எதுக்குங்க அது?’ என்றால் அடுத்தவரைப் பாருங்கள்.

டைல்ஸ் உடைக்க வேண்டாம். உங்கள் கீசருக்குக் கீழே சுவரில் இரண்டு பாயின்ட் இருக்கும், ஒன்று தண்ணீர் உள்ளே போவது, இன்னொன்று வெந்நீர் சுவருக்குள் இறங்கி மிக்ஸருக்குப் போவது. கீசரைக் கழற்றுங்கள். உள்ளே போகும் பாயின்ட்டில் பிளக் போட்டு அடைத்துவிடுங்கள். வெளியே பின்பக்க ஷாஃப்ட்டில் புதிய வெந்நீர் பைப் இறக்கி, வென்டிலேட்டர் பக்கமாக ஒரு துளை போட்டு, அந்த வெந்நீர் பாயின்ட்டில் கோத்துவிடுங்கள். ஒரு அறைக்கு ஒரே ஒரு துளை. ஒரு நாளைக்கு ஒரு வரிசை அறையை மட்டும் காலி செய்தால் போதும், லாட்ஜை மூட வேண்டியதில்லை. ஆனால் கோர்ப்பதற்கு முன்னால் சுவருக்குள் இருக்கும் பழைய பைப்பில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கட்டடம் பழசாக இருந்து ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பாக இருந்தால் சுண்ணாம்பில் பென்சில் போகும் அளவுக்குத்தான் ஓட்டை இருக்கும். அந்த அறைகளில் மட்டும் உடைத்தே ஆக வேண்டும்.

பைப் சிபிவிசி, அதாவது வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக், போதும். வெள்ளை பிவிசியை விலை குறைவு என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், சூட்டில் வளைந்து தொங்கிவிடும். சிபிவிசியும் சூட்டில் நீளும். மொட்டைமாடியில் 25 மீட்டர் நேராகப் போனால் விடியலில் நாலு சென்டிமீட்டருக்கு மேல் நீளும், மத்தியானம் சுருங்கும். நடுவில் ‘ப’ வடிவத்தில் ஒரு வளைவு கொடுக்காமல் இரண்டு பக்கமும் க்ளாம்ப் போட்டு இறுக்கினால் ஆறு மாதத்தில் ஏதாவது ஒரு ஜாயின்ட் விட்டுவிடும். மேலே சுற்றும் கறுப்பு ரப்பர் உறையை அப்படியே விடாதீர்கள். வெயில் பொடியாக்கும், மீதியை அடிவாரத்துக் குரங்குகள் உரித்துவிடும். அலுமினியத் தகடு சுற்றச் சொல்லுங்கள்.

வயர்மேன் செல்வம்:

கோவிந்து அண்ணன் தண்ணீரைச் சொல்லிவிட்டார், நான் கரண்டைச் சொல்கிறேன். ஹீட் பம்ப் த்ரீ பேஸ் என்றால் சிங்கிள் பேஸிங் பிரிவென்டர், அதாவது ஒரு பேஸ் போனால் மெஷினை நிறுத்தும் கருவி, கட்டாயம். விடியற்காலையில் ஒரு பேஸ் போய்விட்டால் கம்ப்ரஸர் இரண்டு பேஸில் உறுமிக்கொண்டே உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் எரிந்துவிடும், வாரன்ட்டியில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். டேங்கில் வைக்கும் எலிமென்ட்டுக்குத் தனி ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்), 30 மில்லிஆம்ப். எர்த் குழியைக் கோடையில் ஒருமுறை அளந்து பாருங்கள், மண் காய்ந்தால் எர்த் இருக்காது. கீசர்களைக் கழற்றிய பிறகு அந்த வயர்களை அப்படியே தொங்க விடாமல் ஸ்விட்ச் போர்டிலேயே பிரித்து விடுங்கள் அக்கா. யாராவது அதில் இம்மர்ஷன் ராட் மாட்டுவார்கள்.

ஜெனரேட்டர் எத்தனை கேவிஏ? ஹீட் பம்ப்பும் லிஃப்ட்டும் ஒன்றாகக் கிளம்பாமல் ஒரு டைமர் வைத்தால் 15-லேயே ஓட்டலாம்.

மலையடிவாரம்:

லிஃப்ட் இல்லை தம்பி, ஜெனரேட்டர் 15 தான். நன்றி.

அண்ணா, நேற்று நீங்கள் சொன்னபடி ஹீட் பம்ப் ஆளுக்கு ஃபோன் போட்டு மிக்ஸிங் வால்வு, ரிட்டர்ன் கிளை இரண்டையும் கேட்டேன். முதலில் “அதெல்லாம் ஸ்டார் ஓட்டலுக்குங்க” என்றார். மொட்டைத் தலைக் கதையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை, கொட்டேஷனைத் திருத்தி அனுப்புகிறேன் என்றார். தண்ணீர் பாட்டிலை ஆய்வகத்துக்குக் கொடுத்தாயிற்று. வரைபடம் பீரோவில் கிடைத்தது. பில்லர் இருப்பது படிக்கட்டு அறையைச் சுற்றித்தான், நீங்கள் சொன்ன மாதிரி பீம் போட இடம் இருக்கிறது.

பணம் எப்படிக் கொடுப்பது? பாதி முன்பணம், டேங்க் இறங்கியதும் மீதி என்கிறார்.

குழாய் கோவிந்து:

டேங்க் இறங்கியதும் முழுப் பணமா? வேண்டாங்க. முன்பணம் முப்பது சதவீதம், டேங்கும் மெஷினும் வந்து இறங்கியதும் நாற்பது, லைன் கோத்துத் தண்ணீர் ஓடியதும் இருபது. கடைசிப் பத்தைத் தைப்பூசம் முடியும் வரை கையில் வைத்துக்கொள்வேன் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். வேலை தெரிந்தவர் முனகிவிட்டு ஒத்துக்கொள்வார். மூலை அறையில் விடியற்காலை ஐந்தரைக்குத் தெர்மாமீட்டர் வைத்தால் 45-க்குக் குறையக் கூடாது என்றும் அதிலேயே ஒரு வரி சேருங்கள், வாய்ப்பேச்சாக விடாதீர்கள்.

விறகு பாய்லரை இடித்துவிடாதீர்கள், ஒரு சீசன் போகட்டும். ஆய்வக ரிசல்ட் வந்ததும் கடினத்தன்மை எவ்வளவு என்று இங்கேயே போடுங்கள். 800-ஐத் தாண்டினால் ரெசின் 40 லிட்டர் போதாது, அந்தக் கணக்கை மாற்ற வேண்டியிருக்கும்.